ஓர்வலுக்கு மரம் வைக்காதவள்

செய்தி வந்தபோது மணி காலை ஏழு இருபது. ஆர்டிஸ் ப்ரெக்கே பள்ளிப் பேருந்தை ஹௌகன் மேட்டின் கடைசி வளைவில் திருப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒன்பது பிள்ளைகள். ஏப்ரல் கடைசி வாரம் ஆகியும் சாலையோரப் பள்ளங்களில் அழுக்குப் பனி கொஞ்சம் மிச்சமிருந்தது. தலைக்கு மேலே ரேடியோ கரகரத்தது.

"ஆர்டிஸ், எங்க இருக்க?" பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து வண்டிகளைக் கவனிக்கும் வெர்லாவின் குரல்.

"மேட்டுல. என்ன?"

"கொஞ்சம் ஓரமா நிறுத்தேன்."

"இந்த வளைவுல எங்க நிறுத்தறது? சொல்லு வெர்லா."

"உன் அண்ணன். ஓர்வல். பக்கத்துப் பண்ணை டெல்மார் காலைல காப்பிக்குக் கூப்பிடப் போயிருக்கான். மாட்டுக் கொட்டகைல விழுந்து கெடந்தாராம். போயிட்டாரு ஆர்டிஸ்."

அந்த ரேடியோவில் ஒருத்தியிடம் சொன்னால் பதினோரு வண்டிக்கும் கேட்கும். ஆகவே ஓர்வல் ஹௌகன் செத்துப்போன செய்தி, அவன் தங்கைக்குத் தெரிந்த அதே நொடியில் அந்த வட்டாரத்தின் எல்லாச் சாலைகளுக்கும் தெரிந்துவிட்டது. ஆர்டிஸ் "சரி" என்றாள். பிறகு, "இன்னும் நாலு நிறுத்தம் இருக்கு" என்றாள். நாலு நிறுத்தத்திலும் நின்றாள். பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டாள். வண்டியைக் கொட்டகையில் விட்டு, தினமும் செய்வதுபோலத் துடைப்பம் எடுத்துத் தரையைப் பெருக்கினாள். பெருக்கி முடித்து, முன்வரிசை இருக்கையில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் நினைவுக்கு வந்தது அண்ணனின் முகம் இல்லை. அவன் படுக்கப்போகும் இடம். தெற்கு மூலை. அங்கே ஒரு மேப்பிள் கன்று நடுவார்கள். இந்த நினைப்பு முதலில் வந்ததற்காக அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதுதான் வந்தது.

ஹௌகன் மேட்டுக் கல்லறைத் தோட்டம் தேவாலயத்துக்குப் பின்னால் மூன்று ஏக்கர். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்து வந்தவர்கள் சுற்றியுள்ள நிலத்தையெல்லாம் உழுதார்கள்; இதை மட்டும் தங்கள் பிணங்களுக்கென்று விட்டுவைத்தார்கள். ஏர் படாத மண். மேலே சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் ஒரு சாண் மண், வெயில் முழுக்க விழும் தென்மேற்குச் சரிவு. இரண்டே இரண்டு பழைய ஓக் மரங்கள், தீயில் சுட்டாலும் சாகாத தடித்த பட்டையோடு. ஒவ்வொரு வசந்தத்திலும் ஈஸ்டருக்கு முன்னால் ஆண்கள் ஈரச் சாக்குகளோடு வந்து காய்ந்த புல்லைக் கொளுத்துவார்கள். கல்லறைகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். கொளுத்திய இரண்டாவது வாரத்தில் கரியைப் பிளந்துகொண்டு ஈஸ்டர் பூ வரும், பூனைக்குட்டி ரோமம் போன்ற தண்டோடு. அதன் பின்னால் புகைப்பூ, எரிநட்சத்திரப் பூ, ஈயச்செடி, நீலத்தண்டுப் புல் என்று பனி விழும்வரை ஒன்று மாற்றி ஒன்று.

ஆர்டிஸுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது தீ எகிறி தேவாலயத்தின் மரவேலியைத் தின்றது. அதோடு கொளுத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பத்து வருஷம் கழித்து அப்பா இறந்தார். ஓர்வல் அப்போதுதான் போரிலிருந்து திரும்பியிருந்தான். அங்கே என்ன பார்த்தான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஜூலை வெயிலில் அந்த மொட்டைச் சரிவில் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவன், மறுநாள் காலை வடக்குப் பள்ளத்துக் காட்டிலிருந்து ஒரு மேப்பிள் கன்றைப் பறித்து வந்து தலைமாட்டில் நட்டான். "வெயில்ல போட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு. மனசு ஆறல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அடுத்த சாவுக்கு அந்த வீட்டார் வந்து, எங்களுக்கும் ஒரு கன்று வைத்துத் தருகிறாயா என்று கேட்டார்கள். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. கல்லறைச் சங்கத்துக்கு ஓர்வல் தலைவரான பிறகு விதிப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. நாற்பத்து மூன்று வருஷத்தில் முப்பத்தொரு மேப்பிள். அதில் ஒன்று ஆர்டிஸின் கணவன் எய்னாருடையது. அந்தக் குழியை ஓர்வல்தான் வெட்டினான், அவள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

எய்னார் போவதற்கு முந்தைய வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பழைய கல்லறைத் தோட்டங்களில் என்னென்ன செடி மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுப்பவள். தோட்டத்தின் சாவி ஆர்டிஸிடம் இருந்தது. மூன்று நாள் அவளோடு கூடவே நடந்தாள் ஆர்டிஸ். அந்தப் பெண் இடுப்பில் சுழற்றி விளையாடும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைத் தரையில் போடுவாள். வளையத்துக்குள் எத்தனை வகை என்று எண்ணுவாள். பத்தடி தள்ளி மறுபடி போடுவாள். திறந்த சரிவில் பதினேழு வகை. ஓக் மரத்தின் ஓரத்தில், வெயிலும் நிழலும் கலந்து விழும் இடத்தில், இருபத்தொன்று. மேப்பிளின் கீழே மூன்று. அந்த மூன்றில் ஒன்று மேப்பிள் நாற்றே. இன்னொன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட பூண்டுக்கடுகு என்ற களை.

மொத்தத் தோட்டத்துக்கும் நூற்றுப் பதினெட்டு வகை என்று எழுதி வைத்துவிட்டு அந்தப் பெண் போனாள். வளையத்தை ஆர்டிஸிடமே விட்டுவிட்டாள். எய்னார் இறந்தபின் ஞாயிறு மத்தியானங்களில் அவளுக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை. வளையத்தைப் போட்டு எண்ணத் தொடங்கினாள். வருஷம் ஏற ஏற எண்ணிக்கை இறங்கியது. மேப்பிள்கள் தோள் சேர்த்துக்கொண்டன. உதிர்ந்த இலை ஈரப் போர்வைபோல ஒட்டிக் கிடந்து மண்ணுக்குக் காற்றுக்கூட விடவில்லை. நூற்றுப் பதினெட்டு எழுபத்தொன்றாக ஆனபோது, பழைய சரிவு சரிவாகவே இருந்த இடம் தெற்கு மூலை மட்டும்தான்; ஒரு வைக்கோல் களத்தின் அளவு.

இருபத்திரண்டு வருஷம் இதைச் சொல்லித்தான் அண்ணனோடு சண்டை. ஒவ்வொரு ஞாயிறும், ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், காப்பிக் கோப்பையோடு.

"செத்தவங்களுக்கு ஒரு நெழல் குடுத்தா உனக்கு எங்க நோகுது?" என்பான் ஓர்வல்.

"செத்தவங்களுக்கு எதுக்கு நெழல்? அவங்களுக்கு வேர்க்கவா போகுது?"

"மரத்தப் பாத்து எரிச்சல்படற ஆள இந்த ஊர்லயே உன்னத்தான் பாக்கறேன்."

"மரத்து மேல எனக்கு என்ன எரிச்சல்? வடக்குப் பள்ளத்துல போய்ப் பாரு. மேப்பிளுக்குக் கீழ பெரணி, வெள்ளைப் பூ, எல்லாம் கொழிக்குது. அது அங்கயே பொறந்த மரம். அத இங்க தூக்கிட்டு வந்த ஆளத்தான் சொல்றேன்."

"களை எண்ணறவளே" என்பான் அவன், சர்க்கரையைக் கரைத்துக்கொண்டே. அவள் கோப்பையிலும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கித் தருவான். அவளுக்குச் சர்க்கரை ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகும் போட்டான். அவளும் குடித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் குழி தோண்டுகிறவன் இயந்திரத்தோடு வந்தான். ஆர்டிஸ் அவனுக்கு முன்னாலேயே மண்வெட்டியோடு அங்கே இருந்தாள். அவன் எஞ்சினை அணைக்காமலே கேட்டான்:

"இங்கதானே?"

"இங்கதான். ஆனா நான் மேல்மண்ண எடுக்கறவரைக்கும் நீ தொடக்கூடாது."

"எடுத்து?"

"அந்தப் பக்கம் வைப்பேன். நீ மூடினதும் அப்படியே திருப்பி வைப்பேன்."

அவன் குனிந்து பார்த்தான். ஊதா நிறத்தில் ஈஸ்டர் பூக்கள் அந்த நீள்சதுரத்துக்குள் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தான். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான்.

வேரோடும் மண்ணோடும் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்தாள். கீழே பாறை மண்வெட்டியில் முட்டியது. இருபத்துநாலு சதுரம். இடம் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் துணிக் கவ்வி ஒன்றைக் குத்தி எண் எழுதி, ஈரச் சாக்கின்மேல் வரிசையாக வைத்தாள். பதினான்காவது சதுரத்தைப் பாதி தூக்கியவள் கீழே வைத்துவிட்டாள். மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். குழி தோண்டுகிறவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே தின்றான். பிறகு அவள் எழுந்து பதினைந்தாவதை எடுத்தாள்.

அந்தத் தாள் கிடைத்தது வியாழக்கிழமை. அடக்கத்துக்கு அவனுடைய நல்ல கழுத்துப்பட்டி எங்கே என்று தேடி, சமையலறை இழுப்பறையைத் திறந்தாள். பழைய பேட்டரிகள், ரப்பர் வளையங்கள், அவற்றுக்கடியில் கல்லறைத் தோட்டத்தின் வரைபடம். ஓர்வல் கையால் வரைந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பெயர். தெற்கு மூலையில் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில், "எனக்கு. மேப்பிள். நல்ல உயரமானதாக."

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. விறகடுப்பு இன்னும் கணகணவென்று இருந்தது. அடுப்பின் கதவுக்குக் கை போகும் தூரம்தான். தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

சனிக்கிழமை அடக்கம். மேலே ஆராதனை முடிந்து, குழியில் இறக்கி, எல்லோரும் அடித்தளத்துக்கு வந்தார்கள். பன்றிக்கறி வைத்த ரொட்டிகள், உருளைக்கிழங்கும் காளானும் போட்டுச் சூளையில் வைத்தெடுத்த கலவை ஆறு பாத்திரம், தண்ணீர்க் காப்பி. டெல்மார் ஸ்கோகன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். ஓர்வலின் பக்கத்துப் பண்ணைக்காரன். சங்கத்தின் துணைத் தலைவர். நாற்பது வருஷம் ஓர்வலோடு காலைக் காப்பி குடித்தவன். அழுத கண் இன்னும் சிவந்திருந்தது.

"மரம் வண்டில இருக்கு, ஆர்டிஸ். பத்தடி உயரம். வேர்ல சாக்கு சுத்தி வச்சிருக்கேன். சாப்ட்டதும் நட்டுடலாம்."

"எங்க வேணா நடு டெல்மார். அந்த மூலைல வேணாம்."

"அங்கதான ஓர்வல் இருக்கான்."

"அதனாலதான் வேணாம்."

அடுத்த மேசைப் பேச்சு நின்றது. டெல்மார் குரலைத் தாழ்த்தினான். "இந்தத் தோட்டத்துல இருக்கற ஒவ்வொரு மேப்பிளுக்கும் அவன் கையால குழி வெட்டினான். எங்கம்மாவுக்கு வெட்டினான். உன் எய்னாருக்கு வெட்டினான். அவன மட்டும் மொட்டையா போட்டுட்டுப் போகச் சொல்றியா?"

"மொட்டையா இல்ல. அந்த எடத்துல இருபது வகை இருக்கு. மேப்பிள் வச்சா இருபது வருஷத்துல மூணு இருக்கும். நான் எண்ணிருக்கேன்."

"அவனுக்கு என்ன புடிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." கோட்டுப் பையிலிருந்து தாளை எடுத்தாள். எழுந்து நின்றாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "அவன் எழுதியே வச்சிருக்கான். இழுப்பறைல இருந்துச்சு. வாசிக்கறேன். 'எனக்கு. மேப்பிள். நல்ல உயரமானதாக.'"

டெல்மார் எட்டி அந்தக் கையெழுத்தைப் பார்த்தான்.

"அப்புறம் என்ன?" என்றான் டெல்மார். "அவனே சொல்லிட்டானே."

"சொல்லிட்டான். நான் மாட்டேன்னு சொல்றேன்." தாளை மேசைமேல் வைத்தாள். "உயிரோட இருக்கும்போது இருபத்திரண்டு வருஷம் நான் அவனுக்கு விட்டுக்குடுக்கல. செத்துட்டாங்கறதுக்காக இப்ப விட்டுக்குடுத்தா அது அவனுக்கு அவமானம். என்கிட்ட வாதாடி ஜெயிக்கணும்னு பாத்தான். பரிதாபப்பட்டுக் குடுக்கறத வாங்கிக்கற ஆள் இல்ல அவன்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "அது ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார். ஹௌகன் மேட்டில் ஒரு மனிதரைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

டெல்மார் பாஸ்டர் இங்க்ரிட் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க பாஸ்டர். செத்தவன் எழுதி வச்சத மீறலாமா?"

பாஸ்டருக்கு முப்பத்தைந்து வயது. இந்த ஊருக்கு வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அலமாரியிலிருந்து சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்துவந்து பிரித்தாள். "கல்லறைமேல மரம் வைக்கறதும் எடுக்கறதும் நெருங்கின சொந்தத்தோட முடிவு. வேற யாரும் அதுல தலையிடக் கூடாது. இப்படித்தான் இருக்கு, டெல்மார்." தயங்கிவிட்டு, "கையெழுத்து ஓர்வலோடது" என்றாள்.

ஓர்வலுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி முன்னமே போய்விட்டாள். நெருங்கின சொந்தம் ஒருத்திதான், அவள் தாளை மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

டெல்மார் மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் வாசலில் நட்டான். சாலையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் இடத்தில். ஆர்டிஸின் பேருந்து தினமும் இரண்டு முறை அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் ஊர் மறந்திருக்கும். ஆனால் 'வைக்கறதும்' என்ற சொல்லுக்கு அடுத்து 'எடுக்கறதும்' என்று ஒரு சொல் இருந்ததை ஆர்டிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு மரம் மறுத்தவள் கணவனுடைய மரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கே தோன்றியது. மே இரண்டாவது சனிக்கிழமை எய்னாரின் மரம்வெட்டும் மோட்டார் ரம்பத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மரத்துக்கு இருபத்தொரு வயது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இளந்தளிர். அழகாகத்தான் இருந்தது. ஒரு கையைப் பட்டையில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கயிற்றை இழுத்து ரம்பத்தைக் கிளப்பினாள்.

முதல் வெட்டு விழுந்ததும் டெல்மாரின் டிரக் வந்து நின்றது. கையில் வடக்கயிறு.

"அணை அத" என்று கத்தினான். அவள் அணைத்தாள்.

"நிறுத்தச் சொல்ல வந்திருந்தா திரும்பிப் போ."

"இந்தப் பக்கம் வெட்டினா எங்க விழும்னு பாத்தியா? நேரா எங்கம்மா கல்லு மேல. மரம் வெட்டத் தெரியாதவங்கல்லாம் எதுக்கு ரம்பத்தத் தூக்கறீங்க?" கயிற்றை ஒரு கிளையில் வீசிக் கட்டினான். "நான் சம்மதிச்சு வரல. அதத் தெளிவாச் சொல்லிடறேன். கல்லுக்காக வந்தேன்."

"நான் ஒண்ணும் கேக்கலயே."

"கேட்டுடாத. இப்ப அந்தப் பக்கமா வெட்டு. இன்னும் கீழ. கீழன்னு சொன்னேன்ல. எய்னார் உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலயா?"

"ரம்பத்தத் தொட விட்டதே இல்ல."

"புத்திசாலி."

மரம் அவன் இழுத்த பக்கம், கல் எதிலும் படாமல் விழுந்தது. இருபத்தொரு வருஷமாக வெயில் படாத மண்ணில் வெயில் விழுந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. கறுப்பு இலைச் சருகு, வெளுத்த வேர்கள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்குத்தானா?" என்றான் டெல்மார்.

அந்த வருஷம் ஊர் தன் வழியில் பதில் சொன்னது. யாரும் திட்டவில்லை, அது இந்த ஊர்ப் பழக்கம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வந்த பரிசுகள் பதினொன்று. பதினொன்றும் மேப்பிள் பாகு, அந்த மரத்தின் நீரைக் காய்ச்சி எடுப்பது. ஒவ்வொரு பாட்டிலிலும் ரிப்பன், 'அன்புடன்' என்ற அட்டை. ஆர்டிஸ் சர்க்கரையைப் பற்றி டாக்டர் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு, குளிர்காலம் முழுக்கத் தோசைபோல் வார்த்த அப்பத்தில் அந்தப் பாகை ஊற்றித் தின்றாள். பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நீலத்தண்டுப் புல் விதை போட்டு, அதே ரிப்பனைக் கட்டி, அந்தந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

அடுத்த கோடையில் எய்னாரின் கல்லறைமேல் முள்ளுச்செடியும் காட்டு ராஸ்ப்பெரியும் இடுப்பளவு வளர்ந்து நின்றன. டெல்மார் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான்.

"உன் புருஷன் தலைமேல முள்ளுதான் மொளச்சிருக்கு."

"அவனுக்கு முள்ளு பழக்கம்தான். என்னோட பத்தொம்பது வருஷம் இருந்தானே."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனான். ஆனால் அன்று சாயங்காலம் முள்ளை வெட்டும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் வந்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். வெயில் மட்டும் போதவில்லை. சருகு மண்ணைக் கொழுக்க வைத்திருந்தது. கொழுத்த மண் முரட்டுச் செடிக்குத்தான் லாபம். நிழலை எடுத்தாயிற்று, நெருப்பைத் திருப்பித் தரவில்லை. பழையவர்கள் என்ன செய்கிறோமென்று தெரியாமலே சரியாகச் செய்த ஒன்று அது.

பாஸ்டரிடம் போய்க் கேட்டாள். பாஸ்டர் தீயணைப்புக்காரர்களிடம் பேசினாள். மூன்றாம் வசந்தத்தில், அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள், ஹௌகன் மேட்டுச் சரிவில் தீ வைத்தார்கள். ஆறு பேர் ஈரச் சாக்கோடு நின்றார்கள். அதில் மூன்று பேர் பாகு அனுப்பியவர்கள். ஓர்வலின் மூலையைத் தாண்டும்போது தீ முழங்கால் உயரத்தில், சலசலவென்று, ஒரு நிமிஷத்தில் ஓடிப் போய்விட்டது. ஓக் மரங்களின் பட்டை கருகியது. அவற்றுக்கு அது பழைய பழக்கம்.

இரண்டு வாரம் கழித்து அவள் திருப்பி வைத்திருந்த இருபத்துநாலு சதுரங்களில் பத்தொன்பதில் ஈஸ்டர் பூ வந்தது. ஐந்து பிழைக்கவில்லை. எய்னாரின் மேல் வளையத்தைப் போட்டபோது ஒன்பது வகை. அதில் ஒன்று நீலமணிப் பூ. நூல்போன்ற தண்டில் ஒரே ஒரு மொட்டு. இருபது வருஷம் இருட்டில் கிடந்து என்ன செய்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும். ஆர்டிஸ் நோட்டில் 'ஒன்பது' என்று எழுதினாள். பிறகு கல்லைப் பார்த்து, "இருபத்தொண்ணுக்கு இன்னும் பன்னெண்டு பாக்கி, எய்னார்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் போனாள். மனுவோடு அல்ல, வளையத்தோடு. "வாங்க, வந்து எண்ணிப் பாருங்க" என்பாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. சிலர் வந்து முழங்காலிட்டு எண்ணினார்கள். தங்கள் ஆள் தலைமாட்டில் மூன்று, எய்னாரின் மேல் ஒன்பது, ஓர்வலின் மேல் பத்தொன்பது. ஒரு பெண் எண்ணிவிட்டு, "என் தங்கச்சிக்கு மஞ்சப் பூன்னா உயிர்" என்று சொல்லி, மரத்தை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். இன்னொருவர், "எண்ணிக்கை சரிதான், ஆனா மரம் இருக்கட்டும்" என்றார். ஆர்டிஸ் அவரிடம் வாதாடவில்லை. சரிவின் மேல்விளிம்பில் இருந்த நாலு மேப்பிளை, அப்பாவுடையது உட்பட, வெட்ட வேண்டாம் என்று அவளே சொன்னாள். அவற்றின் நிழல் வடக்குப் பக்கம் விழுந்தது, அங்கே அது பொருந்தியது. நாலாவது குளிர்காலத்துக்குள் முப்பத்தொன்றில் பன்னிரண்டு விழுந்திருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் டெல்மார் கயிற்றோடு வந்தான். ஒவ்வொரு முறையும், சம்மதித்து வரவில்லை என்று சொன்னான்.

அவன் அம்மாவின் மரம் மட்டும் நடுச் சரிவில் நின்றது. எல்லாவற்றையும்விடப் பெரியது. அதன் நிழல் மத்தியானம் மூன்று மணிக்கு ஓர்வலின் கால்மாட்டைத் தொடும். அதைப் பற்றி அவள் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"கேட்டுடாதன்னு சொன்னேன்ல" என்றான் டெல்மார்.

"ஒரு தடவை கேக்கணும்ல."

"கேட்டுட்ட. ஓர்வல் அத நடும்போது எனக்கு முப்பத்தஞ்சு வயசு. மழை பேஞ்சுது. அவன் தொப்பியக் கழட்டி வேர்மேல மூடினான், மண்ணு கரைஞ்சிடக் கூடாதுன்னு. நீ சொல்ற எண்ணிக்கையெல்லாம் சரியா இருக்கலாம். எனக்கு அந்தத் தொப்பிதான் ஞாபகம் வருது."

அவளுக்கும் அந்தத் தொப்பியைத் தெரியும்.

ஐந்தாவது மார்ச்சில், தீ வைக்கும் முன் சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனவள் அந்த மரத்தடியில் நின்றுவிட்டாள். இடுப்பு உயரத்தில் பட்டையைச் சுற்றி இரண்டு ரம்பக் கோடுகள். நடுவே நாலு விரல் அகலத்துக்குப் பட்டை உரிக்கப்பட்டிருந்தது. மரத்தை வீழ்த்தாமல் நின்ற நிலையிலேயே சாக விடுவதற்கு இப்படித்தான் செய்வார்கள். உரித்த பட்டை சுற்றி வந்து முழு வளையமாகச் சேர்ந்துவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் மேலே இலை நின்றுவிடும். மார்ச் மாதத்து நீர் வெட்டிலிருந்து கசிந்து தண்டில் வழிந்துகொண்டிருந்தது. அவள் சுற்றி வந்து பார்த்தாள். டெல்மார் அம்மாவின் கல் இருக்கும் பக்கத்தில் வளையம் சேரவில்லை.

அவள் டிரக்கில் ரம்பம் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. விதி அவளுக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அடித்தளத்தில் டெல்மார் எதிரில் வந்து உட்கார்ந்தான். காப்பியை ஆற்றினான். "தோள்பட்டை சரியில்ல" என்றான், யாரும் கேட்காமலே.

"யாருக்குச் சரியா இருக்கு" என்றாள் ஆர்டிஸ். சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

மே மாதம் அந்த மரம் வழக்கம்போல இலை விட்டது. வளையம் சேர இன்னும் ஒரு சாண் பட்டை பாக்கியிருக்கிறது.